நெவில் ட்ரான்டரின் விரல்

எங்கள் ஹாட்லி ஓடை அகலம் குறைந்தது. சில இடங்களில் ஒரே தாவில் அக்கரை போய்விடலாம். ஆனால் அதில் சப் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. கரையில் காலை அழுத்தி வைத்தாலே போதும், மீன் வேருக்கடியில் போய்ப் பதுங்கிவிடும். அந்த ஓடையில், இரண்டு கண்ணும் தெரியாமல், நெவில் ட்ரான்டர் மீன் பிடித்தான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், டெரிக் பியூ.

நெவில் இருபத்தாறு வருடம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் லாரி ஓட்டியவன். ஐம்பத்தெட்டு வயதில் கண் நோய் வந்து பார்வை முழுக்கப் போயிற்று. லாரிச் சாவியை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டான். தூண்டில்களையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னவர்களிடம்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வருடம் முழுக்கக் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். தூண்டில் நரம்பு அவன் ஆட்காட்டி விரலின் மேல் ஓடும். மறுமுனை, துணி காயப்போடும் கம்பத்தருகே, மனைவி இனிட் கையில். இலை உரசுவது போலவும் மீன் கடிப்பது போலவும் அவள் மாற்றி மாற்றி இழுப்பாள்.

"இது என்ன சொல்லு?"

"இலை."

"இது?"

"அதுவும் இலைதான். ஏமாத்தாத."

"இது?"

"மீன்! பெரிய மீன்!"

"மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. தும்மிட்டேன்."

நான் வேலியோரம் நின்று சிரித்திருக்கிறேன். அவன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இழு" என்பான்.

பிப்ரவரியில் எங்கள் தூண்டில்காரர் சங்கத்து மீன்பிடி நாள் வந்தது. செயலாளர் கில்பர்ட் ஓக்லி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நல்ல மனுஷன்தான். நெவிலைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"வா நெவில், பாலத்துக்கிட்ட உனக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கேன். பிளாஸ்க்ல டீ இருக்கு. இன்னிக்கு நீதான் நடுவர்."

"நடுவருக்குக் கண்ணு வேணும் கில்பர்ட். தூண்டில்காரனுக்கு விரல் போதும்."

என் தோளில் கை வைத்து உறைபனிப் புல்லில் மெதுவாக நடந்து வந்தான். சாய்ந்து விழுந்த வில்லோ மரத்தருகே தோளை அழுத்தினான். "நில்லுடா. தண்ணி இங்க குரலைத் தாழ்த்துது. வேருக்கு இந்தப் பக்கம் ஆழம் இருக்கு."

பழைய சீஸையும் ரொட்டியையும் பிசைந்த உருண்டையை முள்ளில் வைத்தான். முதல் வீச்சு முட்புதரில் சிக்கியது. இரண்டாவதும் சிக்கியது.

"நான் போட்டுத் தரேன்டா" என்றேன்.

"நீ போட்டா அது உன் மீன். கையை எடு."

மூன்றாவது வீச்சில் உருண்டை சத்தமில்லாமல் மரத்தடியில் இறங்கியது. விரலில் நரம்பைப் போட்டுக்கொண்டு குந்தினான். நான் தூண்டில் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இலை" என்றான். பிறகு, "இன்னொரு இலை." முக்கால் மணி நேரம் போயிற்று. என் கால்விரல்கள் மரத்துவிட்டன.

திடீரென்று அவன் மணிக்கட்டைச் சுண்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், நுனி ஒரு மயிரிழைகூட அசைந்திருக்கவில்லை. அடுத்த நொடி தூண்டில் வில்லாக வளைந்தது.

மீன் நேராக வேரைப் பார்த்துப் பாய்ந்தது. "வேருக்குப் போகுதுடா, இடப்பக்கம்!" என்று கத்தினேன். "தெரியுது, வாயை மூடு!" தூண்டிலைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. மீன் திரும்பியது. கைவலையையும் என்னிடம் தரவில்லை. மண்டியிட்டு வலையைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மீனை அதன் மேல் இழுத்து, விளிம்பில் பாரம் தட்டியதும் தூக்கினான்.

வெண்கல நிறச் செதில், தடித்த வெள்ளை உதடு. நெவில் தலையிலிருந்து வால்வரை விரலால் தடவிப் பார்த்தான். தராசில் ஐந்து பவுண்டு இரண்டு அவுன்ஸ். இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தெரிந்து அந்த ஓடையில் யாரும் ஐந்து பவுண்டைத் தொட்டதில்லை. மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது வாலை உதறியதும் விட்டான்.

என் சத்தம் கேட்டு வந்து நின்ற கில்பர்ட் என்னைத் தனியாக இழுத்தார். "டெரிக், உண்மையைச் சொல்லு. அந்த மீனை மாட்டினது யாரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நெவில் காதில் அது விழுந்துவிட்டது. அவன் கோபப்படவில்லை. "வந்து பாருங்க கில்பர்ட். பூட்ஸ் சத்தம் மட்டும் வேண்டாம்."

ஓடையோரமாக முப்பது அடி மேலே தள்ளி மறுபடி உட்கார்ந்தான். கில்பர்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்டனை வாங்கிய மாணவன் மாதிரி நின்றார். அரை மணி நேரத்தில் இன்னொரு மீன். இரண்டு பவுண்டுதான். ஆனால் அதையும் அவனே தூக்கினான்.

கில்பர்ட் தொப்பியைக் கழற்றினார். அது நெவிலுக்குத் தெரியாது என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

"தொப்பியைக் கழட்டிட்டேன், நெவில்."

"கேட்டுச்சு" என்றான்.

அவனைக் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இனிட் மேஜையில் வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தாள்.

"கையைக் கழுவிட்டு உக்காரு."

"இன்னிக்குக் கழுவ மாட்டேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அவன் கையை எடுத்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு அந்தக் கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு ஆறிப்போயிற்று.