மூன்றாம் பேச்சாளர்

எங்கள் பாடசாலையின் ஆங்கிலப் பகுதியில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் பகுதித் தலைவர், மற்றவள் நான். மாதம் ஒருமுறை பகுதிக் கூட்டம் நடக்கும். தலைவர் பேசுவார், நான் குறிப்பெடுப்பேன், பிறகு அந்தக் குறிப்பை அவரே வாசித்துச் சரி என்று கையெழுத்து வைப்பார். சண்டைக் காலம் என்பதற்காக அவர் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. ஒருநாள் பக்கத்தில் ஷெல் விழுந்து பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினோம். அன்றைய கூட்டம் மேசைக்குக் கீழே நடந்தது. வரவு இருவர் என்று பதிந்தேன்.

பாடசாலை வாவிக்கு மேற்கே படுவான்கரையில், இயக்கத்தின் பிடியில் இருந்த பக்கம். தலைவர் அந்த ஊர்க்காரர். நான் வாவிக்குக் கிழக்கே, ஆமியின் பக்கமான எழுவான்கரை. காலையில் குருக்கள்மடத்துத் துறையில் ஆமியிடம் பெயர் பதிந்துவிட்டுப் பாதையில் ஏறுவேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. அக்கரையில் இறங்கி இயக்கத்திடம் பெயர் பதிவேன். பின்னேரம் இதையே திருப்பிச் செய்வேன். என் பெயரை இவ்வளவு அக்கறையாக எழுதிவைத்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் கற்பித்தல் ஆண்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலாம் தவணையில் வேளாண்மை வெட்டு. பாதி வகுப்பு வயல் வட்டையில் நிற்கும், மீதிப் பாதிக்கு இலக்கணம் நடக்கும். மூன்றாம் தவணையில் மழை. இடையில் இரண்டாம் தவணையில் ஆங்கில விவாதம். வலயக் கல்வி அலுவலகம் தலைப்பை அனுப்பிவைக்கும், பாடசாலைக்கு மூவர் அணி, போட்டி மட்டக்களப்பு டவுனில்.

அந்த ஆண்டுத் தலைப்பு, தொலைக்காட்சியால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது. எங்களுக்குத் தீமைப் பக்கம் விழுந்தது. படுவான்கரையில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரவும் தடை. பதினோராம் ஆண்டு வகுப்பில் தொலைக்காட்சி பார்த்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன், நான்கு கை உயர்ந்தது. அதில் ஒன்று தண்ணீர் குடிக்கப் போகக் கேட்ட கை. பார்க்காதவர்கள் என்றபடியால் நடுநிலையாகப் பேசலாம் என்றார் தலைவர்.

அணி தயாராகும் முறையும் சொல்லவேண்டும். மூன்று பேச்சையும் தலைவரே எழுதுவார். காபன் தாள் வைத்து மூன்று பிரதி. பிள்ளைகள் பாடமாக்குவார்கள். எதிரணிக்குச் சொல்லவேண்டிய மறுப்புரையையும் அவரே முன்கூட்டி எழுதிவிடுவார். எதிரணி என்ன சொல்லும் என்று எப்படித் தெரியும் என்று புதிதில் ஒருதடவை கேட்டேன். சொல்லவேண்டியதை அவர்கள் சொல்லாவிட்டால் அது அவர்களுடைய பிழை என்றார்.

அந்தத் தவணை மூன்றாம் பேச்சாளருக்கு இடம் காலியாக இருந்தது. முந்திய ஆண்டு பேசியவன் நல்ல பேச்சுக்காரன். ஒரு திங்கட்கிழமை அவன் வகுப்பில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை. சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இப்படியிருக்க, ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த வீட்டில் இருந்தது ஒரே பிள்ளை. ஆகவே அந்த வீட்டுக்கு ஒருவர் யார் என்பதில் சந்தேகமில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு அக்கரை போக இயக்கத்தார் பாஸ் கொடுக்கமாட்டார்கள். பாடசாலை அலுவல் என்று ஆசிரியர் கையெழுத்து வைத்தால் மட்டும் கொடுப்பார்கள்.

"இவள ஒங்கட பேச்சுப் போட்டியில சேத்துக்கங்க டீச்சர்" என்றார். "அங்கால போனா இவள் திரும்பி வரத் தேவல்ல. என்ட தங்கச்சி டவுனில இரிக்கா."

நான் உடனே ஓம் சொல்லவில்லை. பயந்தேன் என்பதுதான் உண்மை. இரண்டு நாள் பாதையில் போய்வந்துகொண்டே பயந்தேன். மூன்றாம் நாள் ஓம் என்றேன். தலைவருக்கு மட்டும் சொல்லவில்லை. அரைப் புள்ளி போடுவதற்கு அரை மணித்தியாலம் யோசிக்கும் மனிதர். அவருக்குப் பொய் வராது.

அவர் அவளைப் பரீட்சித்தார். உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் "யெஸ் சேர்" என்றாள். தலைவர் என்னைப் பார்த்தார். மூன்றாம் பேச்சாளருக்கு மறுப்புரை மட்டும்தான், அதை நீங்கள்தான் எழுதிவிட்டீர்களே என்றேன். அதில் இருந்த நியாயத்தை அவரால் மறுக்க முடியவில்லை.

ஆறு கிழமை பாடமாக்கினாள். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, தேவாரம் பாடமாக்குவது போல. எந்த இடத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் எதிரணியைப் பரிதாபமாகப் பார்ப்பது என்பதெல்லாம் பென்சிலால் குறித்திருந்தது. பொருள் ஒரு சொல்லுக்கும் தெரியாது. இங்கே நின்றால் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரியும். அவளைப்போல உழைத்த மாணவியை நான் பிறகு கண்டதில்லை.

இயக்கத்தில் பாஸ் எழுதிக் கொடுத்தவர் கண்ணாடி போட்ட, நடுவயது மனிதர். முன்பு கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதியவராம், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். மாணவர் மூவர், ஆசிரியர் இருவர் என்று எழுதினார். கொண்டுபோகிற பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார். தலைவரும் நானும் கையெழுத்து வைத்தோம். தலைவர் தன் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார், அவருக்கு ஒன்றும் தெரியாதே.

போட்டியில் எதிரணி டவுன் பாடசாலை. அவர்கள் கிரிக்கெட்டைப் பற்றியும் சமையல் நிகழ்ச்சியைப் பற்றியும் பேசினார்கள். எங்கள் பிள்ளை எழுந்து, தொலைக்காட்சி உலகச் செய்திகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது என்று என் மதிப்புக்குரிய நண்பர் கூறினார் என்று தொடங்கினாள். அப்படி ஒருவரும் கூறவில்லை. மூன்று நிமிடம் அந்தக் கூறப்படாத கருத்தை வெட்டிச் சாய்த்தாள். எதிரணித் தலைவன் தன் தாள்களைப் புரட்டிப் புரட்டித் தேடினான். நடுவர்களில் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். தான் தூங்கிய நேரத்தில்தான் அது சொல்லப்பட்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, முழுப் புள்ளி போட்டுவிட்டார். நாங்கள் வென்றோம். சிறந்த பேச்சாளர் அவள்தான்.

யாருக்கும் தெரியாமல் காணாமற்போக வேண்டிய பிள்ளையை மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்துக் கைதட்டினார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவருக்கோ தலைகால் புரியவில்லை. இறுதிச்சுற்றுக்கு அவளைத் தினமும் பழக்கவேண்டும், ஊரில் பாராட்டு விழா வைக்கவேண்டும் என்றார். வாசலில் அவளுடைய சின்னம்மா குடையோடு நின்றுகொண்டிருந்தார். இனி மறைக்க வழியில்லை. தலைவரை மதிலோரம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். சான்றிதழைத் தரச் சொல்லி வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார். "நீ போ மகள்" என்றார். அவள் போனாள். மற்ற இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் துறைக்கு வந்தோம்.

பாதையில் ஏறியதும் பேச்சுப் பிரதியின் பின்பக்கத்தில் ஏதோ எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். அக்கரையில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று இலக்கம் போட்டு எழுதியிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்தார். பாடமாக்கினார். கரை வந்ததும் தாளைக் கிழித்து வாவியில் போட்டார். பொய்க்கு அவர் அறிந்த வழி அது ஒன்றுதான்.

பாஸ்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, பயணம் எப்படி என்று கேட்டார்.

"அவ இறுதிச்சுற்றுக்கு எடுபட்டிருக்கா. டவுனில நிண்டு பயிற்சி எடுக்கிறா" என்றார் தலைவர்.

பாஸ்காரர் அதுவரைக்கும் ஆட்களை எண்ணியிருக்கவில்லை. இப்போது எண்ணினார். எண்ணிவிட்டு, யாருடைய பொறுப்பில் நிற்கிறாள் என்றார். அடுத்த தவணை வரைக்கும் என்றார் தலைவர். அடுத்த தவணையில் எப்போது என்றார் பாஸ்காரர். சின்னம்மாவின் பொறுப்பில் என்றார் தலைவர். பதில்களெல்லாம் சரியானவை, கேள்விகள்தான் வரிசை மாறி வந்துகொண்டிருந்தன. நான் இடையில் புகுந்து, சேருக்கு வென்ற சந்தோஷத்தில் தலை சுற்றுகிறது என்றேன். தலைவர் சான்றிதழை எடுத்து மேசையில் விரித்தார். பாஸ்காரர் அதை நெடுநேரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். கடைசியில் புத்தகத்தில் பயிற்சி என்று அழகாக எழுதினார். எங்களை நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறுதிச்சுற்று நாட்டு நிலைமை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. பிறகு நடக்கவேயில்லை. அவள் டவுனிலேயே படித்தாள்.

அடுத்த ஆண்டும் விவாத அணிக்கு ஆள் தேவை என்று அறிவித்தல் ஒட்டினோம். வழமையாக நாங்கள்தான் பிள்ளைகளைக் கெஞ்சுவோம். அந்தமுறை தாய்மார் முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஒருவரும் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசவில்லை. தலைவர் தயாரித்து வைத்திருந்த தெரிவுப் பரீட்சைத் தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிறப்புச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கினார். இரண்டு நாள் எடுத்து, மூத்த பிள்ளை மேலே வர வயதுப்படி அடுக்கினோம். மேலிருந்து மூன்றை எடுத்தார். அந்த மூன்றுக்கும் பாஸ் கிடைக்குமா என்பதே எங்களுக்குத் தெரியாது.

நான்காவது பிள்ளையின் தாய் மற்றவர்கள் போனபிறகும் நின்றார். மூன்றாவது பிள்ளையின் பிறந்த திகதியைக் காட்டச் சொன்னார், காட்டினேன். விரல் மடித்து எண்ணினார்.

"பதினொரு நாள்தான் டீச்சர் வித்தியாசம்" என்றார்.

"ஓம்" என்றேன்.

மகளுடைய பிறப்புச் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகினார். "சரி டீச்சர், வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.