ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் ஆள்

என் கணவர் பிஷப்பான நாளிலிருந்து எங்களுக்கென்று ஒரு கோயில் இல்லை. இதைச் சொன்னால் லண்டன் ஹரோவில் எங்கள் தெருவில் இருக்கும் சைவக் குடும்பங்கள் சிரிக்கின்றன. இத்தனை கோயில்களுக்குப் பொறுப்பானவருக்கு ஒரு கோயில் இல்லையா என்று கேட்கிறார்கள். என்ன செய்வது, எங்கள் ஆங்கிலிக்கன் சபையின் வழக்கம் அப்படி. சாதாரணக் குருவானவருக்கு ஒரு கோயிலும் அதன் சனமும் உண்டு. பிஷப்புக்கோ ஒவ்வொரு ஞாயிறும் வேறு இடம். எல்லா இடத்திலும் அவர் விருந்தாளி, நான் விருந்தாளியின் மனைவி.

விருந்தாளி என்றால் கேக் சாப்பிட்டே ஆகவேண்டும். ஒவ்வொரு கோயிலிலும் ஒரு முதிய ஆங்கிலேயப் பெண்மணி தன் கையால் செய்த கேக்கோடு காத்திருப்பார். வேண்டாம் என்று சொல்ல என் கணவருக்கு வாய் வராது. அங்கியின் நடுப்பொத்தானை நான் மூன்றாம் தடவையாகத் தைத்துவிட்டேன். அவருடைய ஊழியம் எப்படிப் போகிறது என்று அறிய விரும்புபவர்கள் அந்தப் பொத்தானைப் பார்த்தால் போதும்.

பிஷப்பின் கோல் வேறு இருக்கிறது. துண்டு துண்டாகக் கழற்றி ஒரு நீளப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் போவார். மெட்ரோபொலிட்டன் லைனில் ஒருவர் அதை ஸ்னூக்கர் கோல் என்று நினைத்து, எந்தக் கிளப்புக்கு விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் அன்று முழுவதும் அதையே நினைத்து நினைத்துச் சிரித்தார். பிரசங்கத்திலும் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு எல்லாப் பிரசங்கத்திலும்.

இதற்கெல்லாம் முன்பு ஸ்ட்ரெதமில் எங்களுக்கு ஒரு கோயில் இருந்தது. அங்கே சமையலறையை ஆண்டவர் ஒரு அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கணவரை இழந்து, தனியாக நின்று பிள்ளைகளை ஆளாக்கியவர். ஆராதனை முடிந்ததும் ஆங்கிலேயர், ஆப்பிரிக்கர், தமிழர் எல்லோரும் அவருடைய மீன் ரோல்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். என் கணவரின் பிரசங்கம் நீண்டுவிட்டால் சமையலறைக்குள் தட்டங்கள் சத்தம்போடத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்கு அவர் பயந்ததுபோல் வேறெந்த மேலிடத்துக்கும் பயந்ததில்லை.

எங்கள் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கோயிலை விட்டுப் போன குருவானவர் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. புதிதாக வந்தவர் கூப்பிட்டால் ஒழிய, பழைய சனத்துக்குக் கலியாணமோ அடக்கமோ நற்கருணையோ செய்யக்கூடாது. அதிலும் ஸ்ட்ரெதம் தேம்ஸுக்குத் தெற்கே இருக்கிறது. அது வேறொரு பிஷப்பின் எல்லை. ஆற்றைத் தாண்டினால் என் கணவர் வெறும் ஆள்.

எங்களுக்குப் பிறகு அங்கே குருவானவராக வந்த விகார் ஓர் இளம் ஆங்கிலேயப் பெண். நல்ல பிள்ளை. வந்த கையோடு, கோயிலில் சமைப்பவர்கள் எல்லோரும் உணவுச் சுத்தம் பற்றிய ஒரு சேர்டிபிக்கட் எடுக்கவேண்டும் என்று அறிவித்தார். சட்டம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் அக்காவின் காதில் அது அப்படி விழவில்லை.

"என்ர கை ஊத்தையெண்டு சபையில வைச்சுச் சொல்லிப்போட்டா," என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சமையலறைப் பூட்டின் திறப்பை விகாரின் மேசையில் வைத்துவிட்டுக் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருவரோடு மனஸ்தாபம் இருந்தால் நற்கருணை அப்பம் வாங்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மாதக்கணக்கில் இருந்தார். அது பக்தியா வீம்பா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டார்.

"ஃபாதர், நாளைக்கு என்ர நெஞ்சைத் திறக்கினமாம். நீங்கள் வந்து நற்கருணை தாங்கோ. அவ வேண்டாம்."

பிஷப்பான பிறகும் அக்காவுக்கு அவர் ஃபாதர்தான். என் கணவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முறைப்படி விகாரைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. இரண்டு தடவையும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். தயவுசெய்து நீங்களே வந்து கொடுங்கள், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை என்று விகார் சொன்னார். என் கணவர் சார்பில் அங்கே உள்ள பிஷப்பிடமும் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

அனுமதி கிடைத்துவிட்டது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். என் கணவரோ குருவானவருக்குரிய வெள்ளைக் கழுத்துப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் குடுக்கப் போறதில்லை. நோயாளியைப் பாக்கத்தான் போறன்," என்றார். "நான் குடுத்தால் அவ கோவத்தோடயே ஒப்பரேஷனுக்குப் போவா. நீர் அவவுக்குக் கொஞ்சம் ரசம் வைச்சுத் தாரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவவுக்கு ஏதும் நடந்தால்? உங்கட ஒழுங்கைக் கட்டிக்கொண்டு அழப்போறியளோ?"

அவருக்கும் அதே பயம் என்பது முகத்தில் தெரிந்தது. நான் பாத்திரங்களைச் சத்தமாக வைத்து ரசம் செய்தேன்.

பின்னேரம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விகார் வார்டுக்கு வெளியே, நற்கருணைச் சிறு பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர்தான் வரச்சொல்லியிருந்தார். மூவருமாக உள்ளே போனோம். அக்கா கட்டிலில் எவ்வளவு சிறியவராக இருந்தார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் விகாரைப் பார்த்தார், என் கணவரின் வெறும் கழுத்தைப் பார்த்தார், நடக்கப்போவதைப் புரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். விகார் ஆங்கிலத்தில் நலம் கேட்டார். கோபம் வந்தால் அக்காவுக்கு ஆங்கிலம் மறந்துபோகும்.

எனக்குத் தாருங்கள் என்று என் கணவர் விகாரிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, கட்டிலருகே தரையில் முழந்தாளிட்டார். அந்த முழங்கால்கள் இரண்டும் வைத்தியரால் எச்சரிக்கப்பட்டவை. கையை ஏந்தினார். ஒரு பிஷப் தன் முன்னால் முழந்தாளிடுவதைக் கண்டு அந்தப் பிள்ளை தானும் முழந்தாளிடப் போய், பிறகு நிமிர்ந்து பெட்டியைத் திறந்தது. மெதுவாகச் செபத்தைச் சொல்லி, அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தது. அவர் ஆமென் சொல்லி உட்கொண்டார். எழும்பவில்லை. குனிந்த தலையோடு அங்கேயே இருந்தார்.

அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விகாரைப் பார்த்து, நல்ல தெளிவான ஆங்கிலத்தில், அந்தச் சேர்டிபிக்கட் படிப்பு எந்தக் கிழமையில் நடக்கிறது என்று கேட்டார்.

சனிக்கிழமை என்றார் விகார். நானும் கூட வருகிறேன், எனக்கும் அது இல்லை என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அக்கா அவருடைய கையைப் பிடித்தார். பிறகு தன் கையை ஏந்தினார்.

என் கணவரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்த்த எனக்கு ஒரு நேர்ஸின் உதவி வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். முழங்கால் நோகுதோ என்று கேட்டேன்.

"எல்லா ஞாயிறும் குடுத்துக்கொண்டே இருக்கிறன்," என்றார். "கனகாலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒருத்தர் எனக்குத் தந்தவ."

இத்தனை ஞாயிறுகள் பக்கத்தில் இருந்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பகிடி விட ஒன்றும் வாயில் வராமல், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். சேர்டிபிக்கட் இப்போது சமையலறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. விகாரினுடையது அதற்குக் கீழே. எந்தக் கோயிலும் கூப்பிடாத அபூர்வமான ஞாயிறுகளில் நாங்கள் ஆற்றைத் தாண்டிப் போய்க் கடைசி வாங்கில் உட்காருகிறோம். போனமுறை ஆராதனை முடிந்ததும் என் கணவர் பழைய உரிமையோடு சமையலறைக்குள் கையை நீட்டி ஒரு ரோல்ஸை எடுக்கப் பார்த்தார்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, ஃபாதர்," என்றார் அக்கா. "வந்து வரிசையில நில்லுங்கோ."

பிஷப் கையைக் கழுவிவிட்டு வந்து, முகமெல்லாம் சிரிப்பாக வரிசையின் கடைசியில் நின்றார்.