கும்பிட்டா அணையுற விளக்கு

நான் வாழ்க்கைப்பட்டு வந்தப்ப, கல்வராயன் மலை அடிவாரத்துல எங்க வூட்டுக்கு கரண்ட் கிடையாது. சிம்னி விளக்குதான். சாயங்காலம் ஏத்தினதும் கையெடுத்துக் கும்பிடுவோம். அப்புறம் குண்டு பல்பு வந்தது, அதையும் கும்பிட்டோம். டியூப் லைட் வந்தப்ப, அது சிமிட்டிச் சிமிட்டி எரியற வரைக்கும் கையைக் கூப்பிக்கினு நின்னோம்.

கள்ளக்குறிச்சியில என் மகன் கட்டின வூட்டுல, ஹால்ல டியூப் லைட்டே இல்ல. டீக்கடை மாதிரி இருக்குதுன்னு மருமக கழட்டச் சொல்லிட்டா. சுவத்துல அரை நிலா மாதிரி ஒண்ணு, மேல குருவிக்கூடு மாதிரி ஒண்ணு. எல்லாம் சுவத்தையும் கூரையையும் பாத்துதான் எரியும். மனுசனுக்கு வெளிச்சம் குடுக்கறது அதுங்களுக்குக் கௌரவக் குறைச்சல் போல. சோபா பக்கத்துல ஆள் உசரத்துக்கு ஒரு விளக்கு. அதுக்கு சுவிட்சு கிடையாது. எதிர்ல கையக் காட்டினா எரியும், திரும்பக் காட்டினா அணையும்.

பேத்தியைப் பொண்ணு பாக்க வடக்கனந்தல்ல இருந்து பையனும் அவன் வூட்டாரும் வந்தாங்க. ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப்போயி, இதாவது அமையணும்னு மருமக வேண்டாத சாமியில்ல. பையனோட அம்மா அந்த விளக்குப் பக்கத்துல உக்காந்தாங்க. பொழுது சாயவும் என் மகன் பெருமையா கைய வீசினான். விளக்கு எரிஞ்சுது. உடனே அந்தம்மா அதுக்கு நேரா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அணைஞ்சுபோச்சு.

பொண்ணு பாக்க வந்த எடத்துல விளக்கு அணைஞ்சா இன்னா நெனைப்பாங்க? மருமக மூஞ்சி செத்துப்போச்சு. மகன் ஓடியாந்து மறுபடி எரிய வெச்சான். அந்தம்மா மறுபடி கும்பிட்டாங்க. மறுபடி அணைஞ்சுது.

"இன்னாங்க, பொண்ணக் காட்டறீங்களா, ஒளிச்சு வெக்கறீங்களா?"ன்னாங்க.

காபித் தட்டோட வந்த பேத்தி, "கும்பிடாதீங்கம்மா, அதுக்கு வெக்கம் ஜாஸ்தி"ன்னா.

அந்தம்மா சிரிச்சாங்க. ஆனா எழுந்துட்டாங்க. கிளம்பறாங்கன்னே நெனைச்சேன். புது மனுசங்ககிட்ட எனக்கு வாய் வராது. எப்படியோ, "சமையக்கட்டுல டியூப் லைட் இருக்குதுங்க"ன்னு முனகினேன்.

பேத்தியக் கூட்டிக்கினு அங்க வந்து, அவ மோவாயத் தொட்டு நல்லாப் பாத்தாங்க. அவளும் அவங்கள நல்லாப் பாத்துக்கினா. ஆறிப்போன காபிய அடுப்புல வெச்சு, ரெண்டு பேரும் நின்னுக்கினே குடிச்சாங்க. கல்யாணப் பேச்சு அங்கயே முடிவாயிப்போச்சு.

செருப்பு மாட்டறப்ப அந்தம்மா சொன்னாங்க: "சீருன்னு ஒண்ணும் வேணாங்க. எம் மவன் ஆசப்படறான், அந்த விளக்கு மாதிரி ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

அவங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள மருமக என் பக்கம் திரும்பினா. "பாத்தீங்களா அத்தே, விளக்கப் பாத்துதான் சம்மதிச்சிருக்காங்க!"

ஆமாம்மான்னேன்.