முனை தொங்காத பிணம்

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாகக் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவர் ஜாபெஸ். பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் எதையும் நிம்மதியாகப் பார்க்க மாட்டார். ஓநாய் மனிதன் யாரையாவது கடித்தால், "மொதல்ல ஊசி போடுங்கடா!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். உடம்பெல்லாம் துணி சுற்றிய பிணம் கல்லறையிலிருந்து எழுந்து வந்தாலோ கோபம் தலைக்கேறும்.

"முனை தொங்குது பாரு! எவன் கட்டுன கட்டு இது?"

"அவன் செத்து மூவாயிரம் வருசம் ஆச்சுங்க" என்பார் மனைவி ஈவ்லின்.

சரியான பிணம் எப்படி இருக்கும் என்று ஊருக்குக் காட்ட, இந்த வருடக் கோடை விழா மாறுவேடப் போட்டிக்கு ஜாபெஸே கிளம்பினார். தலை முதல் கால் வரை சுருக்கமில்லாத கட்டு. வாய்க்கும் சேர்த்து. ஒவ்வொரு முனையும் பிளாஸ்திரிக்குள் அடக்கம். கைகளை நீட்டி உறுமிக்கொண்டே கடைவீதியில் நடந்தார்.

ஒருவரும் பயப்படவில்லை. பழக்கடை அன்வர் ஆரஞ்சுப் பையோடு ஓடி வந்தார்.

"எந்த வளைவுலீங்க வண்டி கவுந்துச்சு? நொம்ப வலிக்குதுங்களா?"

ஜாபெஸ் இன்னும் பலமாக உறுமினார். வலி தாங்காமல் கத்துகிறார் என்று நினைத்து நான்கு பேர் அவரை ஜீப்பில் படுக்கவைத்து, அவருடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள்.

ஈவ்லின் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்துத் தின்றார். பிறகு கணவரின் கையிலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து, துணி முனையை ஒரு முழம் தொங்கவிட்டார்.

"இப்ப எந்திரிச்சு வாங்க."

ஜாபெஸ் எழுந்தார். வராந்தாவில் வந்த வாட்ச்மேன் டீத்தூக்கைப் போட்டுவிட்டு, அலறிக்கொண்டு ஓடினார்.