கண்ணாடியில் ஆறு விளக்கு

போன மாசி மாதம், ஒரு சனி ஞாயிறு. ஏழு பேர், ஏழு வண்டி. செஞ்சியிலிருந்து பனமலை வரை தார் ரோட்டைக் கூடிய மட்டும் தொடாமல், ஏரிக்கரை, ஓடை, வண்டித்தடம் என்று மண்ணிலேயே ஓட்டிப் போய், மறுநாள் வேறு வழியாகத் திரும்புவது. இதுதான் திட்டம். திட்டம் போட்டது நான். அந்த வழியைக் கேட்டு இன்னும் பலர் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். தருகிறேன். ஆனால் கட்டுரையை முழுசாகப் படித்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மாதமாக எழுதாமல் தள்ளிப்போட்டது இது.

ஏன் செஞ்சி என்றால், என் மனைவி ஸ்டெல்லாவின் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாறைக் குன்றுகளைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, இதற்கு நடுவில் ஒருநாள் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணி தாம்பரத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். முப்பத்திரண்டு வயது. மண்ணில் வண்டி ஓட்டுவதில் எங்கள் குழுவில் அவனுக்கு நிகர் கிடையாது. மீதி ஐந்து பேரும் என் அலுவலக நண்பர்கள். அவர்களில் பிரபு என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நான் கொஞ்சம் பட்டியல் பைத்தியம். வீட்டில் கேலி செய்வார்கள். இந்தப் பயணத்துக்கு நான்கு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அமாவாசை வரும் வாரத்தைத் தவிர்த்தேன், ஏனென்றால் மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் செஞ்சியில் அறையும் கிடைக்காது, ரோட்டில் வண்டியும் நகராது. குன்றுகளைச் சுற்றி இருக்கும் காப்புக்காட்டுக்குள் வழி போகாதபடி பார்த்துக்கொண்டேன். அதற்குள் வண்டி விடக்கூடாது, யாரும் முயற்சி செய்யாதீர்கள். சம்பா அறுவடை முடிந்த பிறகுதான் தேதி வைத்தேன். ஒரு மாதம் முன்பே காரில் போய், பாதை ஓரம் நிலம் வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டும் வந்தேன். டயர் காற்று எவ்வளவு, ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எல்லாம் அதில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'போனை ஹேண்டில்பாரில் மாட்டி, வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளவும்.' அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிளம்பும்போது ஸ்டெல்லா வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஏங்க, தம்பிய முன்னாடி விட்றாதீங்க. காத்தாப் பறப்பான், நீங்க யாரும் புடிக்க முடியாது." அந்தோணி சிரித்தான். நான் அவனைக் கடைசியில் போட்டேன். கடைசி வண்டிதான் பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி எல்லாம் சுமக்கும். விழுந்தவனைத் தூக்கும். அதற்குக் கெட்டிக்காரன் வேண்டும், ஊர் தெரிந்தவனாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாக் குழுவும் இப்படித்தான் செய்யும்.

வெள்ளி மாலை நாலரைக்குத் தாம்பரம். திண்டிவனம் வழியாகச் செஞ்சி வந்தபோது மணி ஏழே கால், என் மீட்டரில் 131 கி.மீ. பஸ் நிலையம் பக்கத்து லாட்ஜில் இருவர் அறை 1,100 ரூபாய். வண்டி நிறுத்த உள்ளே இடம் உண்டு. எதிரில் பரோட்டா நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கிளம்பினோம். குழுவாக மண்ணில் ஓட்டாதவர்களுக்கு ஒரு விளக்கம்: புழுதியில் ஒட்டி ஓட்ட முடியாது. வண்டிக்கு வண்டி நூறு மீட்டராவது விட வேண்டும். அதனால் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், பின்னால் வருகிறவரின் விளக்கு தெரியும்வரை நிற்க வேண்டும், தெரிந்ததும் போகலாம். முன்னால் போகும் நான், நேரான இடம் வந்தால் நிறுத்தி, கண்ணாடியில் விளக்குகளை எண்ணுவேன். ஆறு இருந்தால் கையைத் தூக்கிவிட்டு நகர்வேன். இப்போது வரும் வண்டிகளில் பகலிலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், அணைக்கவே முடியாது. எண்ணுவதற்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு வறண்ட ஓடை. ஏழு மணிக்கு அங்கே சேர்ந்தோம். இறங்கி ஏறும் இடம் செங்குத்தாக, உருண்டைக் கல்லாக இருந்தது. கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தோணி ஒரு கடலை மிட்டாயை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். "மாமா, நீ போ. நான் எல்லாரையும் ஏத்தி வுட்டுட்டு வரேன்," என்றான். நான் முதலில் ஏறினேன். 11.5 கி.மீ.யில் ஒரு ஒற்றைப் புளியமரம், மூன்று பாதை பிரியும் இடம். அங்கே நின்று, இரண்டாம் ஆளின் விளக்கைப் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன்.

7.40க்கு ஏரிக்கரை மேல் நிறுத்தி எண்ணினேன். ஆறு. 8.15க்கு ஒரு மொட்டைக் களத்தில் எண்ணினேன். ஆறு. வெயில் ஏறுவதற்குள் பனமலை போய்விட வேண்டும் என்று டீக்குக்கூட இறங்கவில்லை, எஞ்சினையும் அணைக்கவில்லை. மூன்றாவதாகப் பனமலை ஏரி தெரியும் மேட்டில் எண்ணினேன். ஆறேதான். குன்றின் மேல் கோயில், கீழே தண்ணீர், காலை வெயில். சந்தோஷமாக இருந்தது. நான் போட்ட திட்டம் நிமிடம் பிசகாமல் நடக்கிறதே என்ற சந்தோஷம்.

8.45க்கு ஏரிக்கரையில் எல்லோரும் எஞ்சினை அணைத்தோம். கடைசியாக வந்த வண்டி கொஞ்சம் தள்ளி நின்றது. அந்தோணியின் வண்டி மாதிரியேதான் இருந்தது, அதே உயரம், அதே நிறம், மேலெல்லாம் செம்புழுதி. ஹெல்மெட்டைக் கழற்றியவர் அந்தோணி இல்லை.

எனக்கு முதலில் புரியவே இல்லை. அந்த ஆள்தான் பேசினார். "இன்னா சார், எல்லாரும் இப்டிப் பாக்கறீங்க? எம்பேரு ரஃபி. செஞ்சில கோழிக்கறிக் கடை. எங்க அக்கா ஊடு பனமலைல இருக்குது. நீங்க போற வழி ஜோரா இருந்துச்சு, அதான் பின்னாடியே வந்துட்டேன்."

"எங்க பையன் எங்கே?" என்று நான் கத்தினேன். அவர் மேல் கோபப்பட எந்த நியாயமும் இல்லை, ஆனாலும் கத்தினேன்.

"எந்தப் பையன் சார்? நான் சேரும்போது கடைசில இவருதான் போய்னு இருந்தாரு," என்று பிரபுவின் மஞ்சள் சட்டையைக் காட்டினார். பிரபுவின் முகம் வெளுத்துவிட்டது. புளியமரத்தில் அவன் விதிப்படி நின்றிருக்கிறான். பின்னால் புழுதிக்குள் ஒரு விளக்கு வருவதைப் பார்த்திருக்கிறான். கிளம்பிவிட்டான். அவன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, விதியை எழுதியவன் நான்.

8.50க்கு அந்தோணியின் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ரஃபிதான் நிதானமாக யோசித்தார். "சார், நான் புளியமரத்தாண்டதான் உங்களோட சேந்தேன். அப்பவே அவரு இல்ல. அப்ப அதுக்கு முன்னாடியேதான் எங்கியோ நின்னுருக்கணும். முப்பது கிலோமீட்டரும் தேட வேணாம். ரோடு வழியா போலாம், எம்பின்னாடி வாங்க." அவர் சொன்ன அந்த ஒரு கணக்கு எங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. அவரையா திட்டினேன் என்று இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

9.25க்கு ஓடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடலை மிட்டாய் தின்ற இடத்திலிருந்து நாற்பது அடி. எல்லோரையும் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தான் ஏறும்போது கல் உருண்டு, வண்டியோடு பக்கவாட்டில் சரிந்திருக்கிறான். இடது கால் பாறைக்கும் வண்டிக்கும் நடுவில். முழங்காலுக்குக் கீழே முழுப் பாரமும். சைலன்சர் சூடு வேறு. தூக்க ஆள் இல்லை. விழுந்தவனைத் தூக்க வேண்டியவனே விழுந்து கிடந்தான். முதலுதவிப் பெட்டி அவன் முதுகுப் பையில் இருந்தது.

உயிரோடு இருந்தான். என்னைப் பார்த்து, "தண்ணி குடு மாமா," என்றான். ஆறு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எட்டு அம்பதுக்கு போன் அடிச்சுது. ஹேண்டில்ல இருந்துச்சு, கைக்கு எட்டல. அதுவரைக்கும் யாருமே கூப்டலயே மாமா. இப்பத்தான் தெரிஞ்சுதா உங்களுக்குன்னு நெனச்சேன்." குற்றம் சொல்லும் குரலில்கூடச் சொல்லவில்லை. நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

108க்கு அடித்தோம். ஓடைக்குள் ஆம்புலன்ஸ் வராது, தார் ரோடு ஒன்றரை கி.மீ. கடலைக் கொல்லை நடுவில் இருந்த ஒற்றை வீட்டுக்கு ரஃபி ஓடினார். அந்த வீட்டு அம்மா கேள்வியே கேட்கவில்லை. "கட்ல எடுத்துனு போங்கய்யா. அப்பறமா கொண்ணாந்து போடுங்க. பாத்து, பையன் தல ஆடாம தூக்குங்க." கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே வந்து நின்றது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்த கால். முதலில் அரசு மருத்துவமனை, அன்று மாலையே சென்னை. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

என் மாமனார் ஊரிலிருந்து வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்க என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "ஏழு பேருதான? எண்ணிப் பாக்கலயா?"

"பாத்தேன் மாமா. மூணு தடவ பாத்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டெல்லாவும் திட்டவில்லை. முன்னாடி விடாதீங்க என்று சொன்னது தான்தானே என்று அவள் அவளையே அரித்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணத்தை அவள் மனதிலிருந்து எடுக்க எனக்குப் பல மாதம் ஆனது.

இனி, நீங்கள் கேட்ட விஷயங்கள். செஞ்சி–பனமலை மண்வழி 31 கி.மீ., நிதானமாக இரண்டரை மணி நேரம். மாசி, பங்குனி நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஓடையில் தண்ணீர், சுற்றித்தான் போக வேண்டும், நான்கு கி.மீ. கூடும். ஏரிக்கரை ஈரமாக இருந்தால் ஏற்றாதீர்கள், கரை இளகினால் பயிர் வைத்தவர்களுக்குத்தான் கேடு. பாதையில் கடலை, நெல் காய்ந்தால் இறங்கித் தள்ளுங்கள். பனமலையில் பெரிய ஓட்டல் எதிர்பார்க்காதீர்கள், முன்கூட்டிச் சொன்னால் ஆளுக்கு நூறு ரூபாயில் வீட்டுச் சாப்பாடு போடுகிறார்கள்.

இவையெல்லாம் எங்கேயும் கிடைக்கும். என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்றுதான். போன் வண்டியில் இருக்கக்கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு ஆளை விடாதீர்கள், இரண்டு பேரை விடுங்கள், ஏனென்றால் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை. விளக்கை எண்ணாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பாருங்கள். நேரம் போகும். போகட்டும்.

போன சனிக்கிழமை மறுபடி போனோம். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அந்தோணிதான் ஒற்றைக் காலில் நின்றான், அப்படித்தான் அவனே சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் ஸ்டெல்லாவும் காரில் தார் ரோடு வழியாகப் பனமலை வந்தார்கள். மண்ணில் ஏழு வண்டிகள், ஏழாவது ரஃபி. கடைசியில் அவரும் பிரபுவும் சேர்ந்தே வந்தார்கள். வழியில் கட்டில் கொடுத்த அம்மாவைப் பார்த்தோம். கட்டிலைப் போன மாசியிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. "அந்தப் பையன் எப்டி இருக்குறான்?" என்று கேட்டார். இருக்கிறான் என்றோம்.

ஏரிக்கரையில் சாப்பாடு முடிந்து திரும்பக் கிளம்பும்போது, எஞ்சின் அணைந்திருக்க, நான் பட்டியலைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ரஃபி பெயரோடு மடித்து வைக்கப் போனேன்.

"எம்பேரு?" என்றான் அந்தோணி, கார்க் கதவில் சாய்ந்துகொண்டு, புதுக் காலின் வாரை இறுக்கியபடி. "நானும் வந்துருக்குறேன்ல. கூப்டு மாமா."

"அந்தோணி," என்றேன்.

அவன் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு பேரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். யாரும் சாவியைத் தொடவில்லை.

"இருக்கறேன்," என்றான். "இப்ப கெளம்புங்க."