சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

சோறு வடித்த கஞ்சியின் புளித்த வாடை அன்று முழுக்க என் கழுத்தைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பில் சாரணியர் படையில் சேர்ந்த புதிதில் கட்டிப் பழகப் பள்ளியில் கொடுத்த கழுத்துத் துணிக்கு, நல்ல நாளில் அப்பாவின் வேட்டிக்குப் போடுவது போலவே கெட்டியாகக் கஞ்சி போட்டு, பித்தளைச் சொம்பில் தணலை நிரப்பித் தேய்த்து, மடிப்புக் கலையாமல் கையில் கொடுத்திருந்தார் அம்மா. அது நீளவாக்கில் சுருட்டிக் கழுத்தில் போட வேண்டிய துணி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? என் துணியோ சுருளுவேனா என்று விறைத்துக்கொண்டு நின்றது. 'அப்பளம்' என்று ஒருத்தி பெயர் வைக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் நடுவில் நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கேலி என்றே தோன்றவில்லை.

பரமத்தி வேலூரிலிருந்து காவிரிக் கரையோரமாகப் போகும் பேருந்தில் ஏறி, வழியில் இறங்கி, வாய்க்கால் வரப்பில் நடந்தால் எங்கள் 'சாளை' வரும். தோட்டத்துக்கு உள்ளேயே கட்டிக்கொண்ட வீட்டை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பக்கத்து வீடு என்பது இரண்டு தோட்டம் தாண்டி, சாயங்காலம் விளக்குப் போட்டால் மட்டும் தெரிவது. ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் சகஜம். நிலத்தைப் பங்கு போடக் கூடாது என்பார்கள். எங்கள் நிலமும் முழுசாகவே இருந்தது. அதில் விளையாட இன்னொரு ஆள்தான் இல்லை. விடிவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்விடுவார்கள். கொடி படர்வதற்காக வரிசை வரிசையாக நட்டிருக்கும் அகத்தி மரங்களை ஓரத்தில் நின்றபடி என் வகுப்பாக்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து வருகைப் பதிவு எடுப்பேன். "உள்ளேன் டீச்சர்" என்று மரங்களின் சார்பில் விதவிதமான குரலில் பதில் சொல்வதும் நான்தான். விடுமுறை நாள்களில் யாரையாவது 'லீவு' போட வைப்பேன், அடுத்த நாள் ஏன் வரவில்லை என்று கேட்டுச் சண்டை போடலாம் அல்லவா!

ஆகவே சாரணியர் படைக்கு ஆள் சேர்க்கிறோம் என்று உடற்பயிற்சி டீச்சர் சொன்னபோது, சேவை, ஒழுக்கம், நாட்டுப்பற்று என்று அவர் அடுக்கிய எதுவும் என் காதில் ஏறவில்லை. அணிக்கு எட்டுப் பேர் என்றார், அது மட்டும் ஏறியது. வீட்டில் சொன்னேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறியபடி, "அதுல சேந்தா என்னுங்க சாமி பண்ணச் சொல்லுவாங்க?" என்று கேட்டார், பெற்ற பிள்ளையையும் 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி. முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கூட எத்தன புள்ளைங்க இருப்பாங்க?" என்றார். எட்டுப் பேர் என்றேன். "அப்பச் சேருங்க சாமி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். காலில் முள் குத்தும் என்று பக்கத்துத் தோட்டத்துக்குக்கூட விடாத மனிதர், வேறு ஒன்றுமே கேட்காமல் சம்மதித்தது எனக்குப் புதிராகத்தான் இருந்தது.

சேர்த்துவிட்டார்களே தவிர, என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. முடிச்சுப் பழகக் கயிறு வேண்டும் என்று கேட்டால், கொடி கட்டுகிற வாழை நாரில் ஒரு கத்தை நனைத்துக் கொடுப்பார் அப்பா. டீச்சரிடம் காட்டுவதற்குள் அது காய்ந்து ஒடிந்துபோகும். அக்காமாரும் அண்ணன்மாரும் ஏற்கெனவே படையில் இருந்த பிள்ளைகள் வீட்டில் மட்டும் எல்லாம் அத்துபடி. எங்கள் வீட்டில் முதலும் நான்தான், கடைசியும் நான்தான்.

உறுதிமொழி எடுக்கும் நாள் வந்தது. அதற்கு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய பிள்ளை உறுதிமொழி சொல்லி முடித்ததும், பெற்றவர்களில் ஒருவர் முன்னால் வந்து கழுத்துத் துணியைத் தம் கையால் போட்டுவிட வேண்டும். "அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும்தான் டீச்சர் சொல்லியிருந்தார், எதற்கென்று எங்களிடமும் சொல்லவில்லை. மைதானத்தில் கொடிக் கம்பத்தைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் லாட வடிவில் கோடு போட்டு, அதன் மேல் எங்களை நிறுத்தினார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட, முன் வரிசை நாற்காலியிலிருந்து ஒரு அம்மாவோ அப்பாவோ எழுந்து வந்தார்கள். என் பெயரும் வந்தது. போய் நின்று, மூன்று விரலை உயர்த்தி, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன். யாரும் எழுந்து வரவில்லை. நாற்காலிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். டீச்சர் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தாமே துணியைப் போட்டு, அதை இறுக்கும் வளையத்தை ஏற்றிவிட்டு, தோளில் தட்டினார். அழக் கூடாது என்று கொடியையே முறைத்துக்கொண்டு நின்றேன். எட்டுப் பேர் கொண்ட வரிசையில், எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் நிற்கும்போதே, சாளையில் இருந்ததைவிடத் தனியாக இருந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால், வாசல் கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, துண்டை மடித்துக் கையில் போட்டிருந்தார். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் இருந்தார். நான்கு செருப்புகள் ஒழுங்காக ஓரத்தில் கிடந்தன. வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், அம்மாவின் தலைப்பூ வாடியிருந்தது.

"பாத்தோஞ் சாமி, எல்லாம் இங்கிருந்தே பாத்தோம்" என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

"ஏன் உள்ள வரல?" என்றேன்.

"கோடு போட்டிருந்துச்சுங்க சாமி. கொடி வேற ஏத்தியிருக்கறாங்க. ஆரும் வாங்கன்னு சொல்லல. நம்மபாட்டுக்கு எப்பிடிப் போறது?"

இதை வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கொடிக்காலில் வேலை செய்கிறவர்களுக்குப் புரியும். எப்பேர்ப்பட்ட வியாபாரியானாலும் கொடிக்கால் வரப்பில் நின்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து 'வாங்க' என்று சத்தம் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எடுத்து வைப்பார். அந்த ஒரு சொல் வராமல் உள்ளே போவது மரியாதைக் குறைவு. அன்று என் பெயர் கூப்பிட்டது அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் அது என் பெயர் அல்லவா, அவர்கள் பெயர் இல்லையே! செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு, 'வாங்க' என்று யாராவது சொல்வார்கள் என்று அவ்வளவு நேரமும் காத்து நின்றிருக்கிறார்கள்.

பேருந்தில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் அம்மா என் கழுத்துத் துணியை மெல்லத் தடவி, "இனிமே கூட்டுக்கு ஆளு இருக்குதுல்ல சாமி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "நீ அகத்திகிட்டப் பேரு கூப்புட்டுட்டு இருப்பியே, உள்ள எங்க காதுல உழுகும். ஒங்கப்பா அப்பிடியே எல கிள்றத நிறுத்திருவாரு" என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தனியாக இருக்கிறேன் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நாமக்கல்லில் இருக்கிறேன். நானும் ஒரே பெண்ணோடு நிறுத்திக்கொண்டவள்தான். அவளும் படையில் இருந்து, முகாமெல்லாம் போய்வந்து, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவள் இருந்த படைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நாலு வார்த்தை சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். துணிக்குக் கஞ்சி போடாதீர்கள், முகாமுக்கு ஒரு கடையளவு முறுக்கைக் கட்டிக் கொடுக்காதீர்கள், முதல் நாள் பிள்ளை போனில் அழுதால் உடனே வண்டி எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள் என்று நான் சொல்லச் சொல்ல, எல்லோரும் போனில் குறித்துக்கொள்வார்கள். எங்கள் கொடிக்கால் போய்விட்டது. குத்தகைக்கு எடுத்தவர் தென்னை வைத்துவிட்டார், சாளையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். அப்பா முதலில் போனார், இரண்டு மழைக்காலம் கழித்து அம்மா.

இந்த வருட உறுதிமொழியின்போது கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒரு பெண், வேலை முடிந்த கையோடு ஓடி வந்து, கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். கணவர் போர்வெல் லாரியில் வடக்கே எங்கேயோ இருக்கிறாராம். அவரும் பார்க்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். "நாங்கெல்லாம் எங்கீங்க நிக்கோணும்?" என்று தயங்கிக் கேட்டார்.

"வாங்க" என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்ட வைத்தேன். அவர் மகள் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை அதற்கு மேல் பார்க்க முடியாமல் கூட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டேன். பத்துப் பேரை அழைத்துவந்து முன்னால் நிறுத்த இன்று எனக்குத் தெரிகிறது. நான் அழைக்க வேண்டியிருந்த இரண்டு பேரும் இல்லை.