ஓசி வெளிச்சம்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு அப்போதே கண் மங்க ஆரம்பித்திருந்தது. தறிக்கு மேலே அறுபது வாட் பல்பு ஒன்று தொங்கும். கரண்டு பில் ஏறும் என்று, நன்றாக இருட்டின பிறகுதான் அம்மா அதைப் போட விடுவாள். இழை அறுந்தால் நைனா கையால் தடவித் தேடுவார்.

தறி எங்களுடையது. தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும் பட்டும் கடை முதலாளியுடையவை. அவர் பாவு கொடுத்தால் அடுப்பு எரியும். கொடுக்காவிட்டால் இல்லை.

சித்தப்பா கோயில் உற்சவங்களுக்கு லைட்டு கட்டுகிறவரிடம் வேலைக்கு இருந்தார். ஒரு உற்சவம் முடிந்து பந்தல் பிரித்தபோது, முனை கறுத்துப்போன டியூப் லைட் ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்களாம். அதைப் பட்டியோடு தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அறுபது பல்ப விட கம்மியாத்தான் கரண்டு இழுக்கும் அண்ணி. வெளிச்சம் பாத்தீங்கன்னா நாலு பங்கு."

"உங்க அண்ணன் தலையில கட்ட வந்துட்டியா?"

"ஓசிதான் அண்ணி. வேணாம்னா சொல்லுங்க, எங்க வீட்ல மாட்டிக்கிறேன்."

"வாய் பேசாம மாட்டிட்டுப் போ."

கண் சிமிட்டிச் சிமிட்டி ஒருவழியாக எரிந்தது. சுவரில் இருந்த ஒட்டடையெல்லாம் தெரிந்தது. நைனா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூரியனையே புடிச்சாந்துட்டான்பா" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குச் சிரித்தார். அம்மாவும் அதற்குப் பிறகு லைட்டைப் போடாதே என்று சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தறியில் அரக்கு நிறத்தில் ஒரு கல்யாணச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் நெய்தபோது, குறுக்கே ஓட்டுகிற ஊடைப் பட்டு போதவில்லை. முதலாளி வேறு பட்டு கொடுத்தனுப்பினார். அதுவும் அரக்குதான். ஆனால் வேறொரு நாள் சாயம் போட்டது.

ஒரு நாள் போட்ட சாயம் மாதிரி இன்னொரு நாள் வராது. அதனால் புதுப் பட்டு வந்தால் எங்கள் தெருவில் யாரும் அப்படியே தறியில் ஏற்ற மாட்டார்கள். வெயிலில் நின்று பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால்தான் நெய்வார்கள்.

"வெயில் வரட்டுங்க. பாத்துட்டுப் போடலாம்" என்றாள் அம்மா.

"கல்யாணத்துக்குக் கேட்டுக்கினு இருக்காங்க. வெயிலுதான் வீட்டுக்குள்ளயே இருக்குதே."

டியூப் லைட்டுக்கு நேராக இரண்டையும் பிடித்தார். அம்மா பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரே நிறம்.

நெய்து முடித்து, அறுத்து, மடித்து வைத்த மறுநாள் வெயில் வந்துவிட்டது. நானும் நைனாவோடு கடைக்குப் போனேன். முதலாளி வாசலில் வைத்துச் சேலையை விரித்தார். நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் அரக்கு. இந்தப் பக்கம் செங்கல் நிறம்.

"இன்னாய்யா இது? ரெண்டு சேலைய ஒட்டுப் போட்டு எடுத்தாந்தியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனா சேலையை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"வீட்ல ஒண்ணாத்தான் இருந்துது மொதலாளி."

"அப்ப பொண்ணு வீட்டுக்காரங்கள உன் வீட்டுக்கே இட்டாந்து காட்டட்டுமா? நீயே வெச்சிக்கோ. பாவு கேட்டு இனிமே இந்தப் படி ஏறாத."

வேறு கடைகளுக்குப் போனார். விஷயம் அவருக்கு முன்னால் போயிருந்தது. பாவு கிடைக்கவில்லை. பாலாற்றுக்கு மணல் அள்ளப் போனார்.

"அந்தச் சனியனக் கழட்டி எறியுங்க" என்று அம்மா அழுதாள். அவர் லைட்டைக் கழற்றவில்லை. தறியையும் பிரிக்கவில்லை.

சாயங்காலம் ஆற்றிலிருந்து வந்ததும் கை கால் கழுவுவார். டியூப் லைட்டைப் போடுவார். வெறும் தறி மேல் அந்தச் சேலையை விரிப்பார். பார்த்துக்கொண்டே நிற்பார். சில நாள் என்னைக் கூப்பிடுவார்.

"இதுல இன்னா குத்தம் தெரியுது? சொல்லு பாப்பா."

நான் குனிந்து பார்ப்பேன். முழுக்க ஒரே அரக்கு. ஒரு கோடுகூட இல்லை.

"ஒண்ணும் இல்ல நைனா. நல்லாத்தான் இருக்குது."

தலையாட்டுவார். மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார். பகலில் ஒரு நாளும் அதை வெளியே எடுத்ததில்லை. ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடையில் பார்த்த கோடு எப்படியோ மறைந்து சேலை ரொம்ப அழகாகிவிட்டது, அதனால்தான் தினமும் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் நைனா நெய்த பட்டுச் சேலையை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.